அம்பையில் வாங்கிய துப்பாக்கி லைசென்ஸ், ஆலங்குளத்துக்குக் குடிவந்த பிறகும் செல்லுமா?

அம்பைக்காரன் | 2025 மார்ச் 9

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். சுருக்கிக் கேட்டால் என்ன லைசென்ஸ், எந்த வருஷம் என்று நீங்கள் திருப்பிக் கேட்பீர்கள்.

எனக்கு அம்பாசமுத்திரம். அப்பா காலத்திலிருந்து பஜாரில் அடகுக்கடை. 2010-இல் ஒருநாள் ராத்திரி கடையை அடைத்துவிட்டு அப்பாவும் நானும் நடந்து வரும்போது, பைக்கில் வந்த இரண்டு பேர் பையைப் பிடித்து இழுத்தார்கள். பை தப்பியது. கீழே விழுந்ததில் அப்பாவுக்கு முழங்கை முறிந்து, கடைசிவரை அந்தக் கை முழுதாக மடங்கவே இல்லை. அதற்குப் பிறகுதான் தற்காப்புக்கென்று மனுப் போட்டேன். 2011 செப்டம்பரில் திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸில் லைசென்ஸ் கொடுத்தார்கள். கான்பூரில் செய்த பாயிண்ட் 32 ரிவால்வர். இடுப்பில் உறை, அதற்கு மேல் சட்டை. பக்கத்துக் கடைக்காரருக்கே நாலு வருஷம் கழித்துத்தான் தெரியும். இத்தனை வருஷத்தில் அதைச் சுட்டதைவிட எண்ணெய் போட்டுத் துடைத்ததுதான் அதிகம்.

2014, 2017, 2020 என்று மூன்று தடவை புதுப்பித்தாயிற்று. கடைசியாகப் புதுப்பித்தபோது ஐந்து வருஷம் போட்டுக் கொடுத்தார்கள். இந்த செப்டம்பரோடு முடிகிறது.

இப்போது விஷயம். மாமனாரும் இதே தொழில்தான், ஆலங்குளத்தில். கார்த்திகையில் தவறிவிட்டார். என் மனைவி ஒரே பெண், அத்தை தனியாக இருக்கிறார்கள். அம்பைக் கடையைத் தம்பி பொறுப்பில் விட்டுவிட்டு, தை 15 அன்று குடும்பத்தோடு இங்கே வந்துவிட்டோம். காலையில் மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு அப்படியே போய்க் கடையைத் திறக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் பீடி சுற்றும் பெண்கள். அரைப் பவுன் கம்மல், கால் பவுன் மோதிரம் என்று சின்னச் சின்னதாகத்தான் வரும். ஆனால் வாரத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் பொட்டலம் கட்டி பேங்க் லாக்கருக்கு எடுத்துப் போக வேண்டும்.

குடிவரும்போது ரிவால்வரைக் கொண்டு வரவில்லை. இப்போது தம்பி இருக்கும் அம்பை வீட்டு பீரோவில் பூட்டி வைத்துவிட்டு வந்தேன், சாவி என்னிடம்தான். பிப்ரவரி 20 அன்று போய் எடுத்து வந்தேன்.

போன வாரம் டீக்கடையில் தனிப்பிரிவு ஏட்டு ஒருவர் பேச்சுவாக்கில், "உங்கள் லைசென்ஸ் நம்ம மாவட்டமா, திருநெல்வேலியா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. 2019 நவம்பர் வரை ஆலங்குளமும் திருநெல்வேலி மாவட்டம்தானே. பிரிந்து தென்காசி ஆன பிறகு இது வேறு மாவட்டம் என்று மனசில் தைக்கவே இல்லை. புத்தகத்தில் செல்லும் எல்லை 'தமிழ்நாடு முழுவதும்' என்று இருக்கிறது. அப்படியிருந்தும் நான் ஏதாவது செய்ய வேண்டுமா? குடிவந்து இன்றோடு 40 நாள் ஆகிறது. லைசென்ஸ் செத்துப் போயிருக்குமா? யாரிடம் போய்ச் சொல்வது? செப்டம்பரில் புதுப்பிக்க எந்த கலெக்டர் ஆபீஸ்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆலங்குளத்தான் | மார்ச் 9

நம்ம ஊருக்கு வந்ததற்கு சந்தோஷம். தமிழ்நாடு முழுவதும் என்று போட்டிருந்தால் எங்கே இருந்தால் என்ன? டிரைவிங் லைசென்ஸ் மாதிரிதான். முடிகிற தேதி வரை பேசாமல் இருங்கள். ரொம்பப் பயமாக இருந்தால் நேற்றுத்தான் குடிவந்தேன் என்று ஒரு லெட்டர் கொடுத்துவிடுங்கள், முடிந்தது கதை.

முன்னாள் ஹவில்தார் | மார்ச் 10

தம்பி, மேலே உள்ளவர் சொன்னதைக் கேட்டு இருந்துவிடாதீர்கள். நான் அப்படி அரைகுறையாக இருந்து ஐந்து மாதம் சம்பளத்தில் அடிபட்டவன்.

மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்து 2008-இல் வந்தேன். பென்ஷன் வந்த கையோடு 12 போர் இரட்டைக்குழல் ஒன்று வாங்கி, ஒரு பேங்கில் கன்மேன் வேலை. எந்த மாவட்டத்திலிருந்து எந்த மாவட்டத்துக்கு மாறினேன் என்று இங்கே எழுத மாட்டேன். இரண்டு ஆபீஸிலும் எனக்கு இன்னும் வேலை இருக்கிறது.

2021 பிப்ரவரியில் அந்தக் கிளை வேலையை விட்டேன். மகன் வீடு கட்டிய ஊரில் வேறு கிளையில் சேருவதாகப் பேச்சு. அந்த இடைவெளியில் சட்டமன்றத் தேர்தல் வந்தது. தேர்தல் வந்தால் ஊர் ஸ்டேஷனிலிருந்து ஆள் வரும், துப்பாக்கியைக் கொண்டு வந்து ஒப்படையுங்கள் என்று. பேங்க் காவலுக்கு நிற்பவர்கள் பேங்கிலிருந்து கடிதம் கொடுத்தால் விலக்குக் கிடைக்கும். எனக்கு அப்போது பேங்கே இல்லை, கடிதம் எங்கே இருந்து வரும்? கொண்டு போய்க் கொடுத்து ரசீது வாங்கினேன். ஏப்ரல் 6 ஓட்டு, மே 2 எண்ணிக்கை. போய் வாங்கலாம் என்று கிளம்புவதற்குள் கொரோனா இரண்டாம் அலை ஊரடங்கு. நான் குடும்பத்தோடு புது ஊருக்கு வந்துவிட்டேன், துப்பாக்கி பழைய ஊர் ஸ்டேஷனில். ஜூலையில்தான் போய் எடுத்தேன்.

அதைப் பஸ்ஸில் கொண்டு வந்த கதையைச் சொல்ல வேண்டும். இரட்டைக்குழலைக் கழற்றி உறையில் போட்டால் பார்க்க நாதஸ்வரப் பை மாதிரியே இருக்கும். கண்டக்டர், "என்ன பெரியவரே, இந்தக் காலத்தில் எந்த ஊரில் கல்யாணம், கூட்டம் கூடக் கூடாதே?" என்றார். சும்மா சிரித்து வைத்தேன். உண்மையைச் சொல்லி பஸ்ஸில் பதற்றத்தைக் கிளப்புவானேன். துப்பாக்கி முழுக்க மூடியிருக்க வேண்டும், நம் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். இரண்டும் சரியாகத்தான் இருந்தது.

தப்பு அதற்குப் பிறகு. இடம் மாறினால் முப்பது நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். புது ஊர் கலெக்டருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன், முத்திரை போட்ட நகலும் வாங்கினேன். பழைய ஊருக்கு எழுதவில்லை. அவர்களுக்கு எதற்கு, அங்கேதான் நான் இல்லையே என்று நினைத்தேன்.

எனக்கு நவம்பரில் லைசென்ஸ் முடிகிறது. ஆகஸ்ட் கடைசியிலேயே புதுப்பிக்க மனுக் கொடுத்துவிட்டேன். இவர்கள் என் மேல் வழக்கு உண்டா, லைசென்ஸ் சரியானதா என்று பழைய மாவட்டத்துக்கு எழுதிக் கேட்டார்கள். அங்கே ரிஜிஸ்டரில் என் விலாசம் பழைய வீடு. அங்கேயிருந்து போலீஸ் போய்ப் பார்த்தால் வீட்டுக்கு வேறு ஆள் குடிவந்திருக்கிறான். 'மேற்படி முகவரியில் மனுதாரர் வசிக்கவில்லை' என்று அறிக்கை போய்விட்டது. ஆள் தலைமறைவு என்கிற மாதிரி! அதைச் சரிக்கட்ட நான் இரண்டு ஊருக்கும் ஆறு தடவை அலைந்தேன். அதற்குள் நவம்பர் வந்து லைசென்ஸ் தேதி முடிந்தது.

தேதி முடிந்தால் அந்த நிமிஷத்திலிருந்து துப்பாக்கி வீட்டில் இருக்கக் கூடாது. ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். கடையில் கொடுத்தேன், மாதம் இருநூறு ரூபாய் வாடகை. துப்பாக்கி இல்லாத கன்மேனை பேங்கில் யார் வைத்துக்கொள்வார்கள்? 2022 ஏப்ரல் வரை ஏடிஎம் வாசலில் கம்போடு உட்கார்ந்திருந்தேன், பாதிக்கும் குறைந்த சம்பளத்துக்கு. எல்லாம் இருபத்திரண்டு ரூபாய் ரிஜிஸ்டர் தபாலை மிச்சம் பிடித்ததால் வந்தது.

நீங்கள் இரண்டு ஊருக்கும் எழுதுங்கள் தம்பி. இன்றைக்கே.

வள்ளியூர் டு ஃப்ரெஸ்னோ | மார்ச் 10

ஊர் விஷயம் எனக்குத் தெரியாது. ஆனால் படிக்கும்போது சிரிப்பு வந்தது. இங்கே கலிஃபோர்னியாவிலும் இதே தலைவலிதான். மறைத்து எடுத்துச் செல்லும் பெர்மிட்டை இங்கே கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) ஷெரிஃப் கொடுக்கிறார், நகரத்துக்குள் போலீஸ் சீஃபும் கொடுக்கலாம். பெர்மிட் மாநிலம் முழுக்கச் செல்லும். ஆனாலும் வீடு மாறினால் 10 நாளுக்குள் கொடுத்தவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வேறு கவுண்டிக்குப் போனதற்காக மட்டும் பெர்மிட்டைப் பிடுங்க மாட்டார்கள். ஆனால் அந்த கவுண்டியில் குடியிருக்கிறேன் என்ற அடிப்படையில் வாங்கிய பெர்மிட் என்றால், கிளம்பின நாளிலிருந்து 90 நாளில் தானாகவே முடிந்துவிடும். அதற்குள் புது கவுண்டியில் முதலிலிருந்து மனு. என் கூட வேலை பார்ப்பவன் மாநிலம் முழுக்கச் செல்லுமே என்று இருந்துவிட்டு, தொண்ணூற்றிரண்டாம் நாள் எனக்குப் போன் போட்டு அழுதான்.

அம்பைக்காரருக்கு ஒரு கேள்வி, சம்பந்தமில்லாததுதான்: குற்றாலத்தில் குளிக்கப் போனால் அதை எங்கே வைப்பீர்கள்?

பழைய ரெவின்யூ ஆள் | மார்ச் 11

நான் ஓய்வு பெற்று ஏழு வருஷம் ஆகிறது. துப்பாக்கி உரிமக் கோப்புகளைச் சில வருஷம் கையாண்டிருக்கிறேன். ஹவில்தார் அண்ணாச்சி சொன்னது அத்தனையும் சரி. ஆலங்குளத்தான் சொன்னதில் பாதி தப்பு, பாதி ஆபத்து.

முதலில் தப்பு. 'தமிழ்நாடு முழுவதும்' என்பது துப்பாக்கியை எதுவரை கொண்டு போகலாம் என்பதற்கான எல்லை. துப்பாக்கி ராத்திரியில் எந்த வீட்டில் இருக்கிறது என்பது வேறு விஷயம். உரிமப் புத்தகத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் நிபந்தனைகள் இருக்கும், யாரும் படிப்பதில்லை. உரிமதாரர் நிரந்தரமாகவோ, முப்பது நாளுக்கு மேல் தற்காலிகமாகவோ வேறு இடத்துக்குக் குடிமாறி, துப்பாக்கியையும் கூடக் கொண்டு போனால், முப்பது நாளுக்குள் புது இடத்து அதிகாரிக்கும், உரிமம் கொடுத்த அல்லது கடைசியாகப் புதுப்பித்த அதிகாரிக்கும் தெரிவிக்க வேண்டும். கேட்டால் புத்தகத்தையும் துப்பாக்கியையும் புது இடத்து அதிகாரியிடம் காட்ட வேண்டும். அவர் புது விலாசத்தைப் புத்தகத்தில் ஏற்றுவார். அதற்குப் பிறகு புதுப்பிக்கிற அதிகாரமும் அவருடையதுதான். உங்களுக்கு அது தென்காசி மாவட்ட ஆட்சியர்.

லைசென்ஸ் சாகவில்லை, பயப்பட வேண்டாம். நாள் தவறினால் நிபந்தனையை மீறியதாக ஆகும். ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 30-இல் அதற்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று இருக்கிறது. தானாக வந்து தாமதத்தை ஒப்புக்கொள்கிறவர் மேல் வழக்குப் போட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் அதிகாரி நினைத்தால் பிரிவு 17-இல் உரிமத்தை நிறுத்தி வைக்கலாம். அதனால்தான் இன்றைக்கே என்று ஹவில்தார் சொல்கிறார்.

இப்போது ஆபத்து. நேற்றுத்தான் வந்தேன் என்று எழுதாதீர்கள். மகள் பள்ளியில் சேர்ந்த தேதி இருக்கிறது, காஸ் இணைப்பு மாற்றிய தேதி இருக்கிறது, டீக்கடையில் உங்களைப் பார்த்த ஏட்டு இருக்கிறார். தாமதத்தை மன்னிக்கலாம். பொய் சொல்கிறவன் கையில் ரிவால்வரை விட்டு வைக்க எந்த ஆட்சியருக்கும் மனசு வராது.

உங்கள் கணக்கில் ஒரு வேடிக்கை இருக்கிறது. துப்பாக்கி கூட வந்தது பிப்ரவரி 20 என்றால் முப்பது நாள் இன்னும் முடியவில்லை என்று வாதாடலாம். வாதாடாதீர்கள். அப்படிச் சொன்னால் அடுத்த கேள்வி, ஜனவரி 28-லிருந்து பிப்ரவரி 20 வரை அது யார் வீட்டில் இருந்தது? தம்பி வீட்டில். சாவி உங்களிடம் இருந்தாலும், உரிமம் இல்லாதவர் குடியிருக்கும் வீட்டில் மூன்று வாரம் துப்பாக்கி தனியாக இருந்திருக்கிறது. உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது இரண்டு வருஷம், கூடினால் ஐந்து வருஷம் சிறை. யாராவது உங்கள் தம்பி பேரில் புகார் கொடுத்திருந்தால், பூட்டையும் சாவியையும் வைத்துக்கொண்டு அவர்தான் கோர்ட்டில் நின்றிருப்பார். இப்படி ஊர் மாறுகிறவர்கள் நடுவில் துப்பாக்கிக் கடையில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்வதுதான் முறை. நடந்தது நடந்துவிட்டது. கடிதத்தில் குடிவந்த தேதியையே போடுங்கள்.

கடிதம் இந்த மாதிரி இருந்தால் போதும், வக்கீல் வேண்டாம்:

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், தென்காசி. நகல்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், திருநெல்வேலி.
பொருள்: துப்பாக்கி உரிமம் – குடியிருப்பு மாற்றம் தெரிவித்தல் – முகவரியைப் பதிவு செய்யக் கோருதல்.
ஐயா, நான் மேற்படி எண்ணுள்ள உரிமத்தின் கீழ் ஒரு ரிவால்வர் வைத்திருக்கிறேன். 28.01.2025 முதல் கீழ்க்கண்ட முகவரியில் நிரந்தரமாகக் குடியிருந்து வருகிறேன். குடும்பத்தில் ஏற்பட்ட துக்கத்தால் உரிய காலத்தில் தெரிவிக்க இயலாமல் போனதற்கு வருந்துகிறேன். உத்தரவிடும் நாளில் உரிமத்தையும் ஆயுதத்தையும் ஆஜர்படுத்தத் தயாராக இருக்கிறேன்.

உரிம எண், யு.ஐ.என். என்கிற தனி அடையாள எண், துப்பாக்கியின் எண், பழைய விலாசம், புது விலாசம் எல்லாம் இருக்கட்டும். மாவட்டம் மாறினாலும் யு.ஐ.என். மாறாது, அதை வைத்துத்தான் கம்ப்யூட்டரில் உங்களைத் தேடுவார்கள். தென்காசியில் நேரில் கொடுத்து நகலில் தேதி முத்திரை வாங்குங்கள். திருநெல்வேலிக்கு ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால். உள்ளூர் ஸ்டேஷனிலும் ஒரு நகல் கொடுத்து வைத்தால் அந்த ஏட்டுக்கும் மரியாதை.

முடிகிற தேதிக்குக் குறைந்தது அறுபது நாள் முன்பே புதுப்பிக்கும் மனு போக வேண்டும். உங்களுக்கு ஜூலை நடுவில். விலாசம் அதற்குள் ஏறிவிட வேண்டும். அடுத்த வருஷம் சட்டமன்றத் தேர்தல், அந்த நேரத்தில் எந்தக் கோப்பும் நகராது.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை. மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு அப்படியே கடைக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். இடுப்பில் அது இருக்கிறதா? கல்வி நிறுவன வளாகத்துக்குள் கொண்டு போகக் கூடாது என்று அதே பொடி எழுத்தில் இருக்கிறது. திருவிழா, சாமி ஊர்வலம், பொதுக்கூட்டம் எதற்கும் கூடாது. ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவில் போனாலும், ஃப்ரெஸ்னோகாரர் கேட்ட குற்றாலச் சீசனுக்குப் போனாலும் வீட்டில் பூட்டி வைத்துவிட்டுப் போங்கள்.

ஆலங்குளத்தான் | மார்ச் 11

சரிங்க சார், ஒப்புக்கொள்கிறேன். எங்க பெரியப்பா ஒரு ஒற்றைக்குழல் வைத்திருக்கிறார், அவரும் இடம் மாறித்தான் தோட்டத்து வீட்டில் இருக்கிறார். இன்றைக்கே போய்ப் புத்தகத்தின் பின்பக்கத்தைப் படிக்கச் சொல்கிறேன். தோட்டத்தில் பன்றித் தொல்லை, அதற்காவது அதை எடுக்கலாமா?

பழைய ரெவின்யூ ஆள் | மார்ச் 11

பன்றியை அவராகச் சுடக் கூடாது. துப்பாக்கிக்கு உரிமம் இருப்பது வேறு, காட்டுப்பன்றி வனவிலங்குச் சட்டத்தில் இருப்பது வேறு. வனத்துறைக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். தோட்டத்து வீடு அதே மாவட்டமாக இருந்தாலும் விலாசத்தைத் தெரிவிக்க வேண்டும்.

செங்கோட்டை மருமகள் | மார்ச் 12

நானும் ஒன்று கேட்கிறேன். அம்பைக்கார அண்ணா, ரிவால்வரை எடுத்து வந்தீர்கள், சரி. தோட்டாக்களை எண்ணினீர்களா?

எங்கள் மாமா இறந்தபோது துப்பாக்கியைக் கொண்டு போய் ஸ்டேஷனில் ஒப்படைத்தோம். ஆள் போய்விட்டால் வாரிசுகள் உடனே ஒப்படைக்க வேண்டும் என்று பக்கத்து வீட்டு ரிட்டயர்டு வாத்தியார் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். ரசீது எழுதும்போது அந்த ரைட்டர், "புத்தகத்தில் பதினெட்டுத் தோட்டா என்று இருக்கிறது, இங்கே பதினொன்றுதானே இருக்கு?" என்றார். எங்களுக்குக் கை கால் ஓடவில்லை. வீட்டுக்கு ஓடி வந்து தேடினால், அரிசிப் பானைக்குப் பின்னால் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஏழும் இருக்கிறது! மாமாவுக்கு எதையும் இரண்டு இடத்தில் பிரித்து வைத்தால்தான் தூக்கம் வரும். பணத்தையும் அப்படித்தான் வைத்திருந்தார், அதில் கொஞ்சம் இன்னும் கிடைக்கவில்லை.

துப்பாக்கி மாதிரித் தோட்டாவுக்கும் கணக்கு உண்டு. உரிமம் இல்லாதவர் வீட்டில் வெறும் தோட்டா மட்டும் இருந்தாலும் குற்றம்தானாம்.

அம்பைக்காரன் | மார்ச் 12

அக்கா, நீங்கள் நல்லா இருக்க வேண்டும். இப்போதுதான் எண்ணினேன். புத்தகத்தில் 25. என்னிடம் 19. மீதி ஆறு எங்கே என்று யோசிக்க ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை. பீரோ மேல் தட்டில், அப்பாவின் பழைய அடகுச் சிட்டைகளுக்கு அடியில், மஞ்சள் பையில். நானே வைத்ததுதான். சாவியோடு அம்பைக்குக் கிளம்புகிறேன்.

பள்ளிக்கூட விஷயத்துக்கு சாருக்குத் தனியாக நன்றி. பதினாலு வருஷத்தில் அந்தப் பக்கத்தை ஒரு தடவை கூடப் படித்ததில்லை. இன்று காலையிலிருந்து மகளை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பி வந்து, பிறகுதான் உறையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போகிறேன். கால் மணி நேரம் கூடுதல். அத்தை, "என்ன மாப்பிள்ளை, எதையாவது மறந்துவிட்டு வந்தீர்களா?" என்கிறார்கள்.

அம்பைக்காரன் | ஜூன் 22

பதில் போட்டவர்களுக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பின்னால் தேடி வருகிறவர்களுக்கும் உதவும்.

மார்ச் 13 அன்று தென்காசியில் நேரில் கொடுத்தேன், நகலில் முத்திரை வாங்கினேன். சார் எழுதின வாசகத்தில் ஒரு எழுத்துக் கூட மாற்றவில்லை. திருநெல்வேலிக்குப் பதிவுத் தபால், ஒப்புகை அட்டை ஐந்தாம் நாள் வந்தது. ஸ்டேஷனிலும் ஒரு நகல். தாமதத்தைப் பற்றி ஒருவர் மட்டும் கேட்டார். மாமனாரின் இறப்புச் சான்றைக் காட்டினேன், தலையாட்டிவிட்டு வாங்கி வைத்துக்கொண்டார்.

ஏப்ரலில் போலீஸ் விசாரணை. வீட்டுக்கு வந்தவர்கள் பீரோ சுவரோடு பொருத்தியிருக்கிறதா, பிள்ளைகள் கைக்கு எட்டுமா என்று பார்த்தார்கள். அத்தை காபி கொடுத்துவிட்டு, "எங்க வீட்டில் துப்பாக்கியா?" என்று அவர்கள் எதிரிலேயே கேட்டுவிட்டார்கள். அதுவரை அவர்களுக்குச் சொல்லாமல் வைத்திருந்தேன். அன்று ராத்திரி எனக்கு நடந்த விசாரணை போலீஸ் விசாரணையைவிட நீளம்.

மே மாதம் புத்தகத்தையும் ரிவால்வரையும் கொண்டு வரச் சொன்னார்கள். எண்ணைச் சரிபார்த்தார்கள், தோட்டாக்களை மேஜையில் வரிசையாக வைத்து எண்ணினார்கள். இருபத்தைந்தும் இருந்தது. செங்கோட்டை அக்காவை அந்த இடத்தில் நினைத்துக்கொண்டேன். போன வாரம் புது விலாசம் ஏறிப் புத்தகம் கைக்கு வந்தது. பழைய விலாசத்தின் மேல் ஒரு கோடு, பக்கத்தில் ஆலங்குளம், கையெழுத்து, முத்திரை.

புதுப்பிக்கும் மனுவை ஜூலை முதல் வாரமே கொடுத்துவிடப் போகிறேன். டாக்டர் சான்றுக்கு நாளை போகிறேன்.

ஹவில்தார் அண்ணாச்சி, இப்போது நீங்கள் பேங்கிலா, ஏடிஎம்மிலா?

முன்னாள் ஹவில்தார் | ஜூன் 23

பேங்கில்தான் தம்பி. ஏசிக்கு நேர் கீழே நாற்காலி. எனக்கு அடுத்த புதுப்பிப்பு 2027. இரண்டு ஊருக்கும் சேர்த்தே எழுதுவதாக இருக்கிறேன், வீடு மாறாவிட்டாலும்.